வீட்டில் மாடு இல்லை

கொர்ரென்று ஓர் இரைச்சல். அதன் பின்னாலேயே தெருவை அதிரவைக்கும் ஒரு குரல்.

"செஞ்சி நகரப் பொதுமக்களே, தாய்மார்களே. இன்று மாலை ஆறு மணிக்கு, திருவண்ணாமலை ரோடு கல்யாண மண்டபத்தில், நம்ம ஊர் மருமகள், சிரிப்பிலும் பாட்டிலும் கலக்கும் செஞ்சி ஜெயசுதாவின் மாபெரும் நிகழ்ச்சி. சிங்கப்பூர் வரை சிரிக்க வைத்த குண்டான் குப்பம்மா யார்? அந்த நிஜக் குப்பம்மாவை இன்று மேடையில் காட்டுகிறார் ஜெயசுதா. காணத் தவறாதீர்கள்."

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வீட்டு வாசலில் வேண்டுமென்றே ஒரு நிமிடம் நின்று, இன்னொரு முறை கத்திவிட்டுப் போனது.

தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த ஜெயசுதாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நிஜக் குப்பம்மாவைக் காட்டுவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. ஏனென்றால் நிஜக் குப்பம்மா அதே சமையலறையில், எட்டித் தொடும் தூரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா சுதா, ஆட்டோக்காரன் உன் பேரையா சொல்லிட்டுப் போறான்?" என்றாள் லட்சுமியம்மாள். ஜெயசுதாவின் மாமியார்.

"ஆமாம் அத்தை. சும்மா விளம்பரம்."

"ரொம்ப சத்தமா சொல்றான்."

அவ்வளவுதான். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜெயசுதா தளவானூரில் பிறந்தவள். செஞ்சியில் மைக்செட் வாடகைக்கு விடும் இளவரசனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே மாமியாரின் திட்டு ஆரம்பமாகிவிட்டது. சாதாரணத் திட்டு இல்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, இருக்கிற குரலைவிட மூன்று மடங்கு பெரிய குரலில், வரிசையாகக் கொட்டுவாள் லட்சுமியம்மாள்.

மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா? சாணி வாரினாயா? உன் அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த குண்டான் எங்கே? குண்டானில் ஊற்றிய கஞ்சி எங்கே?

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் மாடு இல்லை. கடைசியாக மாடு இருந்தது இளவரசன் பிறப்பதற்கு முன்னால். அவனுடைய ஆயா, அப்பாவைப் பெற்றவள், வளர்த்த மாடாம். அந்த ஆயாவையே அவன் பார்த்தது கிடையாது. இல்லாத மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று புது மருமகள் திட்டு வாங்கினாள். திட்டு தொடங்கியதும் மாமனார் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். தோள் குலுங்கும். பாவம், அழுகிறார் என்று ஜெயசுதா நினைத்துக்கொள்வாள். திட்டி முடித்த கையோடு, ஒன்றும் நடக்காததுபோல மாமியார் அவளிடம் காபி டம்ளரை நீட்டுவாள். அதுதான் ஜெயசுதாவுக்கு இன்னும் புரியாது.

அடுத்த வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். திட்டு மட்டும் நிற்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் தார்ப்பாய் மூடி முன்னறையில் அடுக்கிக் கிடந்தன. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், மாமியார் காலையில் திட்டியதை அப்படியே புருஷனிடம் ஒப்பித்தாள் ஜெயசுதா. ஏற்ற இறக்கம், இடுப்புக் கை, எல்லாம் சேர்த்து. இளவரசனின் விரல் தன்னையறியாமல் ஸ்பீக்கர் பெட்டியில் தட்டியது.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"எதுக்கு? நீங்களும் சேர்ந்து சிரிக்கவா?"

"இல்லடி. தாளம் உக்காருது பாரு."

உட்கார்ந்தது. ஜெயசுதாவின் காது அப்படி. யாராவது திட்டினால் அவளுக்கு அர்த்தம் பிறகுதான் விழும், தாளம் முதலில் விழுந்துவிடும். சின்ன வயதில் தளவானூர்க் குழாயடியில் சண்டை நடந்தால், இவள் குடத்தில் தட்டிக்கொண்டு நின்று அடி வாங்கியிருக்கிறாள்.

இளவரசன் கீபோர்டில் பறை மாதிரி ஓர் அடியைப் போட்டான். மாமியாரின் பெரிய குரல் அவளுக்கு வரவில்லை. சமையலறைக்குப் போய் அலுமினியக் குண்டானை எடுத்துவந்து, அதற்குள் வாயை வைத்துப் பேசினாள். குரல் முழங்கியது. குண்டான் குப்பம்மா பிறந்தாள்.

ஜெயசுதா அதை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அக்கா யார் யாருக்கோ அனுப்ப, அந்த வாரமே பால்காரர் போனில் அது பாடியது. அப்புறம் வீடியோ. சென்னையில் மேடை. டிவி. ரேஷன் கியூவில் குப்பம்மா, கரண்ட் போன வீட்டில் குப்பம்மா, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கும் குப்பம்மா என்று பாட்டுக்குப் பாட்டு ஏறினாள். சிரிப்பு நடிகைகளுக்குப் பாட வராது, பாடகிகளுக்குச் சிரிக்க வைக்க வராது, இவளுக்கு இரண்டும் வருகிறதே என்று கோலாலம்பூரில் ஒரு பெரியவர் மாலை போட்டார். மாலை போட்டவரையும் குண்டானுக்குள் வாயை வைத்துத் திட்டிவிட்டுத்தான் வந்தாள்.

இரண்டு குறைகள் மட்டும் அவளுக்கு இருந்தன.

ஒன்று, முதல் பாட்டுக்கு முடிவு கிடையாது. திட்டு எங்கே முடியும்? இளவரசன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் முடிப்பான். ஒவ்வொரு முறையும் ஜெயசுதாவுக்கு அது பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று பெரியது. முதல் வீடியோ வந்த வாரத்திலிருந்து லட்சுமியம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு சொல் இல்லை. பேசுவாள், சமைப்பாள், ரேஷனுக்குப் போவாள். அந்தக் குரல் மட்டும் போய்விட்டது. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன். பார்த்தாளா, இல்லையா என்பதும் தெரியாது.

பேட்டி எடுப்பவர்கள் குப்பம்மா யார் என்று கேட்கும்போதெல்லாம், "எங்க தளவானூர்ல பக்கத்து வீட்டுப் பெரியம்மா" என்று ஜெயசுதா பொய் சொல்வாள். செஞ்சியில் மட்டும் நிகழ்ச்சி வேண்டாம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். வியாபாரிகள் சங்கச் செயலாளர் கலியபெருமாள்தான் விடாமல் துரத்தி ஒப்புக்கொள்ள வைத்தார்.

இப்போது ஆட்டோவையும் விட்டுவிட்டார்.

ஜெயசுதா கொல்லைப்புறம் போய் அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இன்னா அண்ணே இது?"

"எதும்மா? ஆட்டோவா? கூட்டம் சும்மா வருமா? இப்ப பாரு, ஊரே பேசுது. நீ முதல்ல மண்டபத்துக்கு வா. குப்பம்மா விஷயமா ரெண்டு பொம்பளைங்க வந்து வாசல்ல சண்டை போடுறாங்க. எனக்கு டென்ஷனா இருக்குது."

ஜெயசுதா போனை வைத்தாள். கேலி செய்தாயா என்று கேட்க வந்துவிட்டார்கள். இளவரசனின் வண்டியில் ஏறி மண்டபத்துக்குப் போனாள்.

வாசலில் தைலம்மாளும் அம்மாக்கண்ணுவும். தைலம்மாள் பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அம்மாக்கண்ணு இவர்கள் தெருக்காரி, கோட்டைக்குப் போகும் ரோட்டில் பூ விற்பவள். நடுவில் கலியபெருமாள், சிவப்புத் துணி சுற்றிய ஒரு நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா மருமவளே," என்றாள் தைலம்மாள். "நீயே சொல்லு. குப்பம்மா நான்தான? தட்டைக் கழுவாம போறியே, உன் கை இன்னா கண்ணாடியான்னு பாட்டுல வருதே. அது காலேஜ் பசங்கள நான் திட்டுனது."

"அந்தத் தட்டு ஒண்ணுதான் உன்னுது," என்றாள் அம்மாக்கண்ணு. "மீதி பாட்டு பூரா என்னுது. நான் முழம் போடறப்ப கையையே உத்துப் பாக்குறவங்களத் திட்டுவேனே, செஞ்சிக்கே தெரியும்."

"உன் திட்டுல உப்பு இருக்குதா?"

"உன் சாம்பார்ல இருக்குதா?"

ஜெயசுதா வாயைப் பிளந்து நின்றாள். கேலி செய்ததற்குச் சண்டை இல்லை இது. கேலி யாருக்குச் சொந்தம் என்று சண்டை.

"நிஜக் குப்பம்மாவுக்குன்னு முன் வரிசையில ஒரு சேர் போட்டேம்மா," என்றார் கலியபெருமாள். "அதுல உக்காரத்தான் இந்தப் போட்டி."

"அந்த சேரை எடுத்துடுங்கண்ணே."

"எடுத்தா ரெண்டு பேரும் என்னைக் குண்டான்ல போட்டு வறுத்துருவாங்க. சாயந்திரம் மேடையில யாரையாவது ஒருத்தரைக் கைகாட்டு. முடிஞ்சிது."

திரும்பும் வழியில் இளவரசன் சொன்னான்: "தைலம்மாவைக் காட்டிடு. அம்மா எப்பவும் நம்ம ப்ரோகிராமுக்கு வந்ததில்ல. இன்னிக்கும் வராது."

வீட்டுக்குள் நுழைந்தார்கள். லட்சுமியம்மாள் அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பையும் கையுமாக நின்றாள்.

"நானும் வரேன்," என்றாள்.

ஸ்பீக்கர் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் ஜெயசுதா புருஷனின் கையைப் பிடித்தாள். "இதோ பாருங்க. அத்தை பாதியில எழுந்து போயிட்டாங்கன்னா, அதுக்கப்புறம் நான் குண்டானைத் தொட மாட்டேன். சிங்கப்பூர் இல்ல, எந்த ஊர்லயும்."

இளவரசன் குண்டானை மட்டும் எடுத்து வண்டியில் பத்திரமாக வைத்தான்.

ஆறு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. தளவானூரிலிருந்தும் தொண்டூரிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கடை அடைத்துவிட்டு வந்தவர்கள், நாற்று நட்ட சேறு காலில் காயாமல் வந்தவர்கள், பக்கவாட்டில் நின்றவர்கள். ஜெயசுதா மேடைக்கு வந்ததும் எழுந்த விசில், அவள் சென்னையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. நம்ம வீட்டுப் பெண் என்ற உரிமை அதில் இருந்தது. அவளுக்குத் தலை ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"எனக்குக் கல்யாணமான புதுசுல," என்று ஆரம்பித்தாள், "எங்க வீட்டுக்காரர் கேட்டார். செஞ்சியில மூணு மலை இருக்குது, உன்னை எதுல ஏத்தட்டும்னு. நான் சொன்னேன், தளவானூர் பஸ்ல ஏத்திவிட்டா போதும்னு."

கூரை அதிர்ந்தது. தளவானூர்க்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. ரேஷன் பாட்டு, கரண்ட் பாட்டு, பஸ் பாட்டு. நடுநடுவே ஜெயசுதாவின் கண் மூன்றாவது வரிசைத் தூண் ஓரம் போய்வந்தது. லட்சுமியம்மாள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"குப்பம்மா யாரு?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மண்டபமே பிடித்துக்கொண்டது.

ஜெயசுதா சமாளித்தாள். தைலம்மாளையும் அம்மாக்கண்ணுவையும் எழுப்பி, ஆளுக்கொரு மைக்கைக் கொடுத்தாள். தைலம்மாள் கலியபெருமாளைத் திட்டினாள், இட்லி ஆறிப்போன கதையைச் சொல்லி. அம்மாக்கண்ணுவும் கலியபெருமாளைத்தான் திட்டினாள், போன ஆடியில் அவர் முழம் குறைகிறது என்று சொன்னதற்காக. இளவரசன் இரண்டுக்கும் அடி போட்டான். கலியபெருமாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது.

ஆனால் அவர் விடுவாரா? துண்டை எடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"போதும்மா. இப்ப சொல்லு. இந்த ரெண்டு பேர்ல யாரு?"

சத்தம் அடங்கியது. சிவப்பு நாற்காலி காலியாகக் கிடந்தது.

கையைத் தைலம்மாள் பக்கம் நீட்டினால் போதும். எல்லோரும் கை தட்டுவார்கள், வீட்டுக்குப் போகலாம். ஜெயசுதா கையைத் தூக்கினாள். தூண் ஓரத்தில் அந்த அரக்குப் புடவை தெரிந்தது. தன் குரலைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவளை, அதற்கு இன்னொருத்தியின் பெயரையும் வைக்கப்போகிறவளை, ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு முகம்.

கையை இறக்கினாள்.

"நான் பேட்டியில எல்லாம் பொய் சொன்னேன். தளவானூர்ல பக்கத்து வீட்டுப் பெரியம்மான்னு யாரும் கிடையாது. குப்பம்மா இவங்க ரெண்டு பேரும் இல்ல. குப்பம்மா..."

வாக்கியத்தை முடிக்காமல் தூண் பக்கம் பார்த்தாள்.

லட்சுமியம்மாள் எழுந்தாள்.

வரிசையில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். நடைபாதைக்கு வந்தாள். இடதுபக்கம் போனால் வெளிவாசல். வலதுபக்கம் மேடை. கீபோர்டின் மேல் இளவரசனின் விரல்கள் விறைத்து நின்றன. லட்சுமியம்மாள் இடதுபக்கம் திரும்பினாள். குனிந்தாள். வரிசை ஓரத்தில் கழற்றி விட்டிருந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, மேடையை நோக்கி நடந்தாள்.

படியேறி வந்ததும் மருமகளின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். இளவரசன் ஓடிவந்து குண்டானை நீட்டினான்.

"இது எதுக்குடா எனக்கு?" என்று ஒதுக்கினாள்.

இடுப்பில் ஒரு கை ஏறியது. முதுகு நிமிர்ந்தது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா..."

வருஷக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத குரல். அடுத்த கணம் இடி விழுந்த மாதிரி சிரிப்பு. இளவரசன் ஓடிப்போய்க் கீபோர்டில் கை வைத்தான். அடி வந்து சேர்ந்தது.

"மறந்து போயித் தூங்குனியா?
அப்பன் வூட்டுக் குண்டான் எங்க?
ஆறிப் போன கஞ்சி எங்க?"

ஜெயசுதா மூச்சுவிடாமல் கொட்டும் இடங்களில் இவள் நிறுத்தினாள். கண்ணை உருட்டி ஜனத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நிறுத்தத்தில் இரண்டு மடங்கு சிரிப்பு வந்தது. மேடையில் இவ்வளவு காலம் நின்ற ஜெயசுதாவுக்கு, அது தற்செயல் இல்லை என்று தெரிந்தது. இது வேலை தெரிந்த கை.

வழக்கமாக இளவரசன் சத்தத்தைக் குறைக்கும் இடம் வந்தது. லட்சுமியம்மாள் நிறுத்தவில்லை. இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். குரல் தாழ்ந்தது. ஜெயசுதா ஒருநாளும் கேட்டிராத வரிகள் வந்தன.

"அழுவாதடி, கிட்ட வாடி,
அடிக்குண்டானைத் தொறந்து பாரு,
ஆம்பளைங்க கண்ணுல படாம
ஏரிக் கெண்டை எடுத்து வெச்சேன்,
தின்னுட்டுப் போயித் தூங்குடி."

கடைசிச் சொல்லில் இளவரசனின் அடியும் தானாக நின்றது. முதல்முறையாக அந்தப் பாட்டு முடிந்தது.

கை தட்டல் எழுவதற்கு முன்னால் தைலம்மாள் எழுந்து, சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேடை ஓரத்தில் வைத்தாள்.

"யக்கா, இது உன்னுது. நான் தட்டோட நிறுத்திக்கிறேன்."

அதன்பிறகு எழுந்த சத்தத்தில் கலியபெருமாளின் நன்றியுரை யாருக்கும் கேட்கவில்லை. ஜனம் வெளியே போகும்போதே அந்தக் கெண்டை மீன் வரியைப் பாடிக்கொண்டு போனது.

மணமகள் அறையில் மாமியாரும் மருமகளும் தனியாக இருந்தார்கள். லட்சுமியம்மாள் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதா முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

"அத்தை, உங்களைத்தான் இத்தனை வருஷமா மேடை மேடையா..."

"தெரியும். எல்லாத்தையும் பாத்திருக்கேன்."

"எப்படி?"

"அம்மாக்கண்ணு போன்லதான். அதுக்குத் தெரியாது, நான்தான் குப்பம்மான்னு. ஒவ்வொண்ணையும் போட்டுக் காட்டி, இது நான்தான், இது நான்தான்னு சொல்லும். நானும் தலையாட்டுவேன்."

ஜெயசுதா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகு, கேட்க பயந்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அப்புறம் ஏன் அத்தை திட்டறதையே நிறுத்திட்டீங்க? கோவத்துலதான?"

"கோவமா? சிங்கப்பூர்க்காரன் எழுந்து நின்னு கை தட்டுறான், எனக்கு எதுக்குக் கோவம்? ஒரே வூட்ல ரெண்டு பேரு ஒரே வேஷத்தைக் கட்டுவாங்களா? நீ நல்லா கட்டுனே. விட்டுட்டேன்."

"வேஷமா?"

லட்சுமியம்மாள் சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள். மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்லாத மாட்டுக்கு எவளாவது தண்ணி காட்டச் சொல்லுவாளா? அது என் மாமியார் திட்டுடி, அவங்க குரல்ல நான் எடுத்து விட்டா சிரிப்பை அடக்க முடியாமத்தான் உங்க மாமா தட்டைத் தூக்கிட்டு தோட்டத்துப் பக்கம் ஓடுவாரு."